பதினேழாவது சுற்று

டயர்காரருக்குத் தன் மச்சினன் மேல் பொறாமை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மனத்தாங்கல், கருத்து வேறுபாடு என்றெல்லாம் மெழுகிப் பேசினால் அவருக்கே பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் ஒரு வாரம் கண்ணை உறுத்திவிட்டு அடங்கிப்போகுமே, அந்த ரகமும் இல்லை இது. சாப்பிட உட்கார்ந்தால் கூடவே உட்காரும். கடையைத் திறக்கப் போனால் கூடவே வந்து ஷட்டரைத் தூக்கும். இரண்டு வருஷமாக அவர் இந்தப் பொறாமையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். நல்ல உயரம், நல்ல தலைமுடி, எதிரில் வருகிறவரை எல்லாம் பத்து வருஷம் பழகினவர் போலப் பார்த்துச் சிரிக்கிற முகம். இவன் ஒரு கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் டயர்காரருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அந்தச் சௌகரியத்தையும் அவன் கொடுக்கவில்லை.

டயர்காரரின் கடை பெரிய ரவுண்டானாவை ஒட்டி இருக்கிறது. அவருடைய அப்பா ஆரம்பித்தது. பஞ்சர், வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழல விடுவார்; எந்த இடத்தில் பாரம் தள்ளுகிறது என்று பார்ப்பார்; அதற்கு எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு சின்ன ஈயக் கட்டியைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார். இந்தத் தட்டலிலேயே அவருக்குத் தாளம் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் முதலில் வேடிக்கை பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் போனதும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இளவட்டமாக இருந்த காலத்தில் டயர்காரர், யாரோ ஒருவர் அலைன்மென்டுக்கு விட்டுப்போன காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். காருக்குள் ஒரு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்றின் மேடைக் கச்சேரிப் பதிவு. பாட்டு முடிந்ததும் திரும்பலாம் என்று ரவுண்டானாவைச் சுற்றினார். அது முடிகிற பாட்டாக இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். காரின் சொந்தக்காரர் கடை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, கார் திருட்டுப்போய்விட்டது என்று ஆளைக் கூட்டிவிட்டார். டயர்காரர் ஒருவழியாக இறங்கி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, “சார், இது யாரு பாட்டு?” என்றுதான் கேட்டார்.

அப்படிப் பிடித்தது புராக்ரெசிவ் ராக் என்கிற பைத்தியம். அது என்ன பாட்டு என்று கேட்பவர்களுக்கு அவர் மனைவி ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள்: “முடிஞ்சிருச்சுன்னு கை தட்டினா முடிஞ்சிருக்காது. ஆடலாம்னு எழுந்தா கால் இடறும்.” உண்மைதான். ஒவ்வொரு பாட்டும் இருபது நிமிஷம் போகும். தாளம் நாலு நாலாக நடக்காமல் ஏழு, ஐந்து, பதினொன்று என்று நொண்டியடிக்கும். நடுவில் யாரோ புல்லாங்குழல் வாசிப்பார்கள். இதை ரசிக்கிறவர்கள் உலகத்தில் குறைவு. ஆனால் ரசிக்க ஆரம்பித்துவிட்டால் மீள்வது கிடையாது.

கடையில் டயர் விற்றுக்கொண்டே அவர் டிரம்ஸ் கற்றுக்கொண்டார். பிறகு ஆள் சேர்த்தார். கீபோர்டுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர், கிதாருக்கு ஒரு கொரியர்காரர், பேஸ் கிதாருக்கு அந்தக் கொரியர்காரரின் தம்பி, பாட ஒரு பல் டாக்டர். அந்தக் கேசட்டில் கேட்ட குழுவின் பாட்டுகளை மட்டுமே, அந்தக் கச்சேரியில் எப்படி வாசித்தார்களோ அப்படியே அச்சுப் பிசகாமல் வாசிக்கிற டிரிப்யூட் பேண்ட். மாமனாருக்கு இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“டிரிப்யூட்னா அஞ்சலிதானே மாப்பிள்ளை? அவங்கெல்லாம் போய்ச் சேந்துட்டாங்களா?”

“இல்ல மாமா, எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறதில்ல.”

“அப்ப சரி,” என்றார் மாமனார்.

அச்சுப் பிசகாமல் என்றால் சும்மா இல்லை. அந்தப் பழைய பதிவில் மெதுவான ஓர் இடத்தில் முன்வரிசையில் யாரோ இருமியிருப்பார். அந்த இருமலைக்கூட டீச்சர் கீபோர்டில் ஒரு பட்டனில் ஏற்றி வைத்திருந்தார். ஒருநாள் பட்டனை அமுக்க மறந்துவிட்டார். கச்சேரி முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக வந்து, “இருமலைக் காணோமே?” என்று விசாரித்தார்கள். ரசிகர்கள் அந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குள்ளேயே ஒத்திகை நடக்கும். சுவரோரம் கூரை வரைக்கும் டயர்களை அடுக்கி வைத்திருப்பார். ரப்பர் சத்தத்தை விழுங்கிவிடும், தெருவில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மனைவி ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். துணியை எடுத்துக்கொண்டு வந்து டயர்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருப்பாள். இப்படியே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. பெரிய பேர் ஒன்றும் வரவில்லை. ஆனால் குழு என்றால் டயர்காரர், டயர்காரர் என்றால் குழு. இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு பல் டாக்டருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. மேல்சுருதி போய்விட்டது.

“நம்ம தம்பியைப் பாடச் சொல்லிப் பாருங்களேன்,” என்றாள் மனைவி.

“உன் தம்பியா? அவனுக்கு இந்தப் பாட்டு ஒண்ணாவது தெரியுமா?”

“முடி வெட்டும்போது பாடிக்கிட்டேதான் இருக்கான். காது கொடுத்துத்தான் கேளுங்களேன்.”

வேண்டாவெறுப்பாக வரச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். டயர்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தக் கேசட்டிலேயே மிகப் பெரிய பாட்டின் கடைசிப் பகுதியில் மேலே மேலே ஏறிப் போகிற வரியைப் பாடினான். டயர்காரருக்குக் கைமயிர் குத்திட்டு நின்றது. இத்தனை வருஷமாகத் தான் காத்திருந்த குரல் இதுதான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதே நிமிஷத்தில் பொறாமையும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் குரலுக்காக எவ்வளவு உழைத்தாய் என்று அவனைக் கேட்டால், ஒன்றும் இல்லை என்பான். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு பாடினானாம், வந்துவிட்டதாம்!

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவனுக்கு எண்ண வராது. நாலு தட்டுத் தாளம் என்றால் சமாளிப்பான். ஏழு தட்டு என்றதும் முழி பிதுங்கிவிடும். அந்தப் பெரிய பாட்டில் கடைசி வரிகளுக்கு முன்னால் வாத்தியங்கள் மட்டும் ஏழு தட்டில் ஒரு சுற்று வாசிக்கும். அதையே பதினாறு தடவை சுற்றிச் சுற்றி வாசிக்கும். பதினாறு முடிந்ததும் குரல் கணீரென்று நுழைய வேண்டும். மச்சினன் எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டில் நுழைந்தான், பதினான்கில் நுழைந்தான், ஒருமுறை நுழையவே இல்லை.

“விடுடா,” என்றார் டயர்காரர். “நீ எண்ணாத. என்னப் பாரு. நான் தலையாட்டுவேன். ஆட்டினதும் பாடு.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மேடையில் மச்சினன் கைகளை விரித்து நிற்பான், கண் மட்டும் ஓரமாகப் பின்னால் டிரம்ஸ் பக்கம் போகும், டயர்காரரின் தலை ஒருதரம் ஆடும், அவன் வாய் திறக்கும், கூட்டம் சொக்கிப்போகும். தன் தலை ஆடினால்தான் அவன் வாய் திறக்கும் என்பது டயர்காரருக்குப் பெரிய சொத்து. ஆனால் அது யார் கண்ணிலும் படாத சொத்து.

கண்ணில் பட்டதெல்லாம் மச்சினன்தான். இரண்டே வருஷத்தில் குழுவுக்கு ஊர் ஊராகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டயர் மாற்ற வந்தவர்கள், “நீங்க அந்தப் பாடுறவரோட அத்தானாமே?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்கள். மகள் தன் போனில் மாமா பாடியதை ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். மனைவி மிச்சம் விழுந்த கருநீல வெல்வெட் திரைத்துணியில் தம்பிக்குத் தரையைத் தொடும் அங்கி ஒன்று தைத்துக் கொடுத்தாள். அசல் பாடகர் அப்படித்தான் போட்டிருப்பாராம். டயர்காரர் தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் ஏதாவது...” என்று இழுத்தார். “டிரம்ஸுக்குப் பின்னாடி உக்கார்றவருக்கு என்னத்துக்குங்க? யாரு பார்க்கப் போறா?” என்று அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த விழாவுக்கு அழைப்பு வந்தது. மூன்று நாள் புராக்ரெசிவ் ராக் விழா. பெரிய மைதானம், மூன்று மேடை. ஆயிரக்கணக்கில் கிறுக்கர்கள் வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பத்தொன்பது வருஷமாக டயர்காரர் கண்ட கனவு அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கூட்டம் தன்னைப் பார்க்க வேண்டும். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பெரிய பாட்டின் நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. குரல் கிடையாது, கிதார் கிடையாது, மூன்று நிமிஷமும் அவர் ராஜ்ஜியம். அதற்காக மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து கடைக்குப் போய் வாசித்துப் பழகினார்.

விழாவுக்கு முந்தின வாரம் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். எதையாவது வெட்ட வேண்டும். கடையில் கூடிப் பேசினார்கள். டிரம்ஸ் தனியை வெட்டுவதா, மச்சினன் பாடுகிற மெதுவான பாட்டை வெட்டுவதா?

“என் பாட்ட எடுத்துருங்க,” என்றான் மச்சினன். “அத்தான் எவ்வளவு உழைச்சிருக்காரு!”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஜனங்க உன் குரலுக்குத்தான்பா வராங்க,” என்றார். கொரியர்காரரும் அவர் தம்பியும் தரையைப் பார்த்தார்கள். யாரும் டயர்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆமாமா, டிரம்ஸையே எடுத்துரலாம்,” என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் காற்று போகாத டயருக்கெல்லாம் காற்றடித்தார். தனக்காக விட்டுக்கொடுக்க வந்த மச்சினனின் பெருந்தன்மைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது.

விழா நாள் நல்ல வெயில். முந்தின நாள் மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. எங்கே திரும்பினாலும் மங்கிப்போன கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஆண்கள். உச்சந்தலையில் முடி இல்லாதவர்கள்கூடப் பின்னால் குடுமி வைத்திருந்தார்கள். ஆண்கள் கழிப்பறை வாசலில் வரிசை அனுமார் வால் மாதிரி நீள, பெண்கள் பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. “நான் போன இடத்துலயே இங்கதான் மரியாதை,” என்றாள் மனைவி.

நுழைவாயிலில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அங்கியை விரித்துக்கொண்டு மச்சினன் பறப்பது போல நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் மூங்கில் குச்சி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. டயர்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். அவருடைய டிரம்ஸ் குச்சிதான். அதைப் பிடித்திருந்த கை வராமல் படத்தை வெட்டியிருந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேடை. டயர்காரர் நன்றாக வாசித்தார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொறாமைக்காரர்கள் வேலையில் கோட்டை விடுவார்கள் என்று நினைத்தால் தப்பு. அன்றைக்கு அவர் கை பேசியது. டீச்சர் இருமலை மறக்காமல் அமுக்கினார், முன்வரிசையில் நாலு பேர் கைதட்டினார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே வந்தது. மற்ற இரண்டு மேடைகளிலிருந்தும் ஆட்கள் சேற்றில் ஓடி வந்தார்கள்.

பெரிய பாட்டுக்கு முன்னால் மச்சினன் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தான். டீச்சரை, ‘எங்க குழுவோட மூளை’ என்றான். கொரியர்காரரை, ‘கைல மின்னலை வெச்சிருக்கிறவர்’ என்றான். அவர் தம்பிக்கும் ஏதோ ஒரு பட்டம் கொடுத்தான். பிறகு பின்னால் திரும்பி, முகமெல்லாம் பிரியமாகக் கையை நீட்டினான்.

“டிரம்ஸ்ல... எங்க அக்கா புருஷன்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டவும் செய்தது. ஆனால் முதலில் சிரித்தது. குழுவை உண்டாக்கி, ஆளாளுக்குக் காலைப் பிடித்து இழுத்து வந்து, பத்தொன்பது வருஷம் தூக்கிச் சுமந்தவர், ஆயிரம் பேர் முன்னால் அக்கா புருஷன். டயர்காரருக்குக் காது மடல்கள் கொதித்தன. அவனுக்குத் தெரிந்த மிகப் பெரிய பட்டம் அதுதான் என்பதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

பெரிய பாட்டு ஆரம்பித்தது. வெட்டப்பட்ட டிரம்ஸ் தனி இருக்க வேண்டிய இடத்தைத் தாவிக் கடந்தார்கள். கடைசிப் பகுதி வந்தது. ஏழு தட்டுச் சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகள் ஓடின. மச்சினன் மேடை விளிம்புக்குப் போய் அங்கியை விரித்து நின்றான். பன்னிரண்டு. பதின்மூன்று. அவன் கண் ஓரமாகப் பின்னால் வந்தது. பதினைந்து. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பதிவை மனப்பாடமாக வைத்திருக்கிற கூட்டம் அது.

பதினாறு முடிந்தது. டயர்காரர் தலையாட்டவில்லை.

இதை அவர் முன்கூட்டித் திட்டம் போட்டெல்லாம் வைத்திருக்கவில்லை. தலை ஆட வேண்டிய அந்தக் கணத்தில், ‘நிக்கட்டும்’ என்று ஒரு எண்ணம் வந்தது, கழுத்து இறுகிக்கொண்டது. கை பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. பதினேழாவது சுற்று ஆரம்பித்துவிட்டது. எந்தப் பதிவிலும் இல்லாத பதினேழாவது சுற்று. டீச்சர் அடுத்த சுரத்துக்குத் தூக்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பினார். கொரியர்காரர் திரும்பினார். மச்சினன் விரித்த கைகளோடு வாயைப் பாதி திறந்தபடி சிலையாக நின்றான். ஆயிரம் பேர் முன்னால் பாட மறந்த பாடகன்! டயர்காரருக்கு ஜில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. அரைச் சுற்றுக்கூட அது நிலைக்கவில்லை, பயம் வந்துவிட்டது. இதை எப்படி முடிப்பது? கவிழப்போவது மச்சினன் மட்டுமில்லையே, அவர் கட்டிய குழுவும் சேர்ந்தல்லவா கவிழும்!

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு குண்டு மனிதர் பொறுக்க முடியாமல் அந்த வரியைப் பாட ஆரம்பித்தார். சுருதி சுத்தமாக இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு நடுவில், பிறகு கடைசியில் கூடாரங்கள் வரைக்கும். மைதானமே பாடியது. மச்சினன் ஒரு விநாடி திகைத்துவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். அவர்கள் முதல் வரி முழுவதையும் பாடி முடித்தார்கள். இரண்டாவது வரியில், கண்ணில் தண்ணீர் வழிய, அவன் மேலே ஏறி அந்த ஆயிரம் குரலுக்கும் மேலாகப் பாடினான். தாடிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். டயர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அவனைக் கீழே தள்ளப்போய்த் தோளில் தூக்கி வைத்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் இறங்கினால், ரப்பர் பூட்ஸும் வாக்கிடாக்கியுமாக விழா நடத்துகிற அம்மாள் ஓடி வந்தார். “பதினஞ்சு வருஷமா இந்த விழாவ நடத்துறேன், இப்படி ஒண்ண நான் பார்த்ததில்ல! அந்த வரிய ஜனங்களுக்கே விட்டுக்கொடுக்கணும்னா எவ்வளவு துணிச்சல் வேணும்!” என்று மச்சினனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மச்சினன் அந்தக் கையை அப்படியே இழுத்து டயர்காரர் பக்கம் திருப்பினான். “எனக்கெங்கங்க அவ்வளவு மூளை? எல்லாம் எங்க அத்தானோட ஐடியா.”

அவ்வளவுதான். எல்லோரும் டயர்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகில் தட்டினார்கள். வேறு குழுவின் டிரம்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, “உங்க பேர் கேள்விப்பட்டதில்லையே, எங்க இருந்தீங்க இத்தனை நாள்?” என்றார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட பாராட்டு வந்துவிட்டது. அது ருசிக்கவும் செய்தது, அதுதான் கேவலம். “ஏதோ... திடீர்னு தோணிச்சு,” என்றார் அவர். அது பொய்யும் இல்லை.

வேனில் டிரம்ஸை ஏற்றும்போது மச்சினன் மட்டும் கூட இருந்தான். பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து மனைவி அங்கியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மச்சினன் பெரிய டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அத்தான், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது. நான் போன வருஷத்துலேருந்தே எண்ணப் பழகிட்டேன். முடி வெட்டும்போது சீப்பாலத் தட்டித் தட்டி.”

“எண்ணுவியா? அப்ப என் தலையை எதுக்குடா பார்க்கிற?”

“எண்ணினாலும் நீங்க ஆட்டினாத்தான் எனக்குத் தைரியம் வரும். இன்னிக்கு பதினாறு முடிஞ்சிருச்சுன்னுதான் எண்ணினேன். வாயையும் தொறந்துட்டேன். பார்த்தா உங்க தலை ஆடல. சரி, நம்மதான் கணக்க விட்டுட்டோம், அத்தானுக்குத் தப்புமான்னு நின்னுட்டேன். நல்ல வேளை, ஜனங்க காப்பாத்துனாங்க. அந்தம்மாகிட்ட முழிச்சோம்னு சொல்ல முடியுமா? அதான் உங்க ஐடியான்னு சொல்லி வெச்சேன்.” அவன் அங்கும் இங்கும் பார்த்தான். “உண்மையச் சொல்லுங்க அத்தான். நான் தப்பா எண்ணிட்டேனா?”

அவன் எதிரே நின்றான். மேடையில் பார்த்த அதே கண்ணோடு பார்த்தான். டயர்காரர் ஸ்டாண்டுகளைக் கட்டிக்கொண்டே இருந்தார். சரியாகத்தான் எண்ணினாய் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் இந்தத் தலை யாருக்கும் வேண்டியிருக்காது என்பதும் தெரியும்.

“ஒண்ணு கூடுதலா எண்ணிட்ட,” என்றார். “அது பதினஞ்சுதான். நான் ஆட்டப் போறதுக்குள்ள ஜனங்க ஆரம்பிச்சுட்டாங்க.”

மச்சினனின் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தான். “அதானே பார்த்தேன். நமக்கெதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? இனிமே எண்ணவே மாட்டேன் அத்தான், சத்தியமா. உங்களையே பார்த்துக்கிறேன்.” கொரியர்காரர் ஹாரன் அடிக்க, அவன் வேனில் ஏறிப் போனான்.

டயர்காரரும் மனைவியும் தங்கள் காரில் பின்னால் வந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் மடியில் அங்கி இருந்தது.

“அவன் சரியாத்தான் எண்ணினான்,” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?”

“எனக்கா? பத்தொன்பது வருஷமா அந்த டயருக்கு நடுவுல உக்காந்து தைக்கிறேன். பதினாறு முடியும்போது நூலக் கடிப்பேன், அப்பதான் அந்த இரைச்சல் அடங்கும். இன்னிக்குக் கையில துணியே இல்ல. இருந்தாலும் வாய் தன்னால கடிச்சுது. மேல பாக்கிறேன், உங்க தலை ஆடல.”

அவர் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை.

“அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொல்வீங்கன்னு உக்காந்திருந்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். கோபம் இல்லை. எதிர்பார்த்து ஏமாந்தவள் போலச் சொன்னாள். இனி எண்ண மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போகிறவனின் முகம் டயர்காரருக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு வருஷம் சீப்பைத் தட்டிக் கற்றுக்கொண்டதை ஒரே பொய்யில் அவனிடமிருந்து பிடுங்கியாயிற்று. அவனும், இந்தாங்க என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஓரமாக நிறுத்தினார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவளும் கேட்கட்டும் என்று.

“என்னத்தான், ஏதாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“நீ எண்ணினது சரிடா. பதினாறு முடிஞ்சிருச்சு. நான்தான் தலையாட்டல. வேணும்னே.”



“ஏன் அத்தான்?”

இரண்டு வருஷமாகக் கூடவே குடியிருந்த வார்த்தைதான். அதை முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

“பொறாமைடா.”

“பொறாமையா? யார் மேல?”

கிண்டலில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், இரண்டு வருஷமாக அவர் இங்கே எரிந்துகொண்டிருந்ததில் அந்தப் பக்கம் ஒரு சூடுகூடப் போய்ச் சேரவில்லை. மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்கத்தான், யாரு? அந்த டீச்சரா?” என்று மச்சினன் குரலைத் தாழ்த்தி, அக்கறையாகக் கேட்டான்.